துருக்கி இலக்கணம்: தமிழ் கைகொடுக்கும் இடங்களும் காலைவாரும் இடங்களும்

துருக்கி மொழி படிக்க வருகிற தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகவே உள்ளே நுழைகிறார்கள். அந்தப் பாடநூல்கள் ஆங்கிலம் பேசுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வினை வாக்கியக் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் என்று புரியவைக்கவே பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நமக்கு அது பேச ஆரம்பித்த நாளிலிருந்தே பழக்கம். நாம் உண்மையில் தடுக்கி விழுகிற இடங்களை, உதாரணமாக ‘இல்லை’க்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருப்பதை, அதே நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். அதனால் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேராகத் துருக்கிக்குப் போவதுதான் குறுக்குவழி.

இரண்டும் உறவு மொழிகள் அல்ல. தமிழ் திராவிடக் குடும்பம், துருக்கி துருக்கியக் குடும்பம். ஆனால் இரண்டுமே வேர்ச்சொல்லின் பின்னால் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போகும் மொழிகள். பகுதி, இடைநிலை, விகுதி என்று பள்ளியில் பகுபதம் பிரித்தவர்களுக்குத் துருக்கி வினைச்சொல் பாதி தெரிந்த பாடம்.

எழுத்தும் ஒலியும்

1928 முதல் துருக்கி லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதற்கு முன் அரபு எழுத்து. மொத்தம் 29 எழுத்துகள்: 8 உயிர், 21 மெய். கியூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் கிடையாது. எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம் என்றாலும் சில எழுத்துகளின் ஒலியை முதல் நாளே மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண சி எழுத்துக்கு ஜ ஒலி. அதன் அடியில் வால் போட்டால் ‘பச்சை’யில் வரும் ச். வால் போட்ட எஸ் என்றால் ஷ். தலைக்கு மேல் வளைவு போட்ட ஜி பெரும்பாலும் தனக்கென ஒலி இல்லாதது. முன்னால் உள்ள உயிரை நீட்டிவிட்டு மறைந்துவிடும்.

உயிர்களில் அ, எ, இ, ஒ, உ ஐந்தும் நம்மிடம் உள்ளவை. மிச்சம் மூன்று. முதலாவது, புள்ளியில்லாத ஐ எழுத்து. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் இந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘காசு’, ‘பந்து’, ‘பாட்டு’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை. அந்தக் குற்றியலுகரம்தான் இது. தமிழில் அது சொல்லின் கடைசியில் மட்டும் வரும். துருக்கியில் எங்கும் வரும், அதுவே கொஞ்சம் பழக வேண்டியது. இரண்டாவது, இரண்டு புள்ளி வைத்த யு: ‘இ’ சொல்லும் நிலையில் நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். மூன்றாவது, இரண்டு புள்ளி வைத்த ஓ: அதே வேலையை ‘எ’வுக்குச் செய்யுங்கள்.

இங்கே துருக்கிச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். புள்ளியில்லாத ஐக்கு உ’ என்று மேற்கோள் குறி சேர்த்திருக்கிறேன். மெய்யெழுத்தோடு ஒட்டி வரும் யு, யொ இரண்டும் குவித்த இகரத்தையும் குவித்த எகரத்தையும் குறிக்கும். சொல்லின் தொடக்கத்திலும் உயிருக்குப் பிறகும் அவை சாதாரண யகரம்தான். இசட் ஒலிக்கு ஃஸ். க, த, ப மூன்றும் உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் மெலிந்தும், இரட்டித்தால் வலிந்தும் ஒலிக்கும், தமிழில் படிப்பது போலவே. குறில் நெடிலை இங்கே பெரிதாகப் பார்க்க வேண்டாம்.

உச்சரிப்பில் தமிழர்கள் செய்யும் தவறுகளில் பொருளையே மாற்றிவிடும் ஒன்று உண்டு. மெய்யில் முடியும் சொல்லின் பின்னால் நாம் ஒரு உகரம் சேர்த்துவிடுவோம்: பஸ்ஸு, காரு, டிக்கெட்டு. துருக்கியில் கித்தப் என்றால் புத்தகம். கித்தபு’ என்றால் ‘புத்தகத்தை’. நாம் சும்மா சேர்க்கும் அந்த உகரம் அங்கே இரண்டாம் வேற்றுமை உருபு. கேட்கிறவர் “புத்தகத்தை என்ன?” என்று வினைக்காகக் காத்திருப்பார். சொல்லை மெய்யிலேயே வெட்டி நிறுத்தப் பழகுவதுதான் முதல் வாரப் பயிற்சி.

அடுத்தது சொல்லின் முதலில் வரும் வல்லொலியும் மெல்லொலியும். க்யுல் என்பதை ‘கங்கை’யின் இரண்டாவது ககரம் போல மெலித்தால் ரோஜா, ‘கல்’லின் ககரம் போல வலித்தால் சாம்பல். இசட்டும் எஸ்ஸும் அப்படித்தான்: கஃஸ் என்றால் வாத்து, கஸ் என்றால் தசை. தட்டச்சில் ஐயின் புள்ளியைக் கவனியுங்கள். ஸு’கு’ல்து’ம் என்றால் ‘அலுத்துவிட்டது’. அதன் மூன்று உயிர்களுக்கும் புள்ளி வைத்து அனுப்பிவிட்டால் அது கெட்ட வார்த்தை. போனில் துருக்கி விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளாமல் யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள்.

உயிர் ஒத்திசைவு

இது தமிழில் இல்லை. அதனால் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எட்டு உயிர்களும் இரண்டு அணி. எ, இ, யொ, யு முன்னணி. அ, உ’, ஒ, உ பின்னணி. பின்னால் ஒட்டும் உருபு தனக்கு முன் உள்ள கடைசி உயிரைப் பார்த்துத் தன் உயிரை மாற்றிக்கொள்ளும்.

உருபுகளில் இரண்டு வகை. முதல் வகைக்கு இரண்டே வடிவம், எகரம் அல்லது அகரம். பன்மை, ‘கு’, ‘இல்’, ‘இலிருந்து’, எதிர்மறை எல்லாம் இதில் வரும். பன்மைக்கு லெர் அல்லது லார்: எவ்-லெர் (வீடுகள்), கு’ஃஸ்-லார் (பெண்கள்). இரண்டாம் வகைக்கு நான்கு வடிவம். அ, உ’ இரண்டுக்கும் பின் உ’. எ, இ இரண்டுக்கும் பின் இ. ஒ, உ இரண்டுக்கும் பின் உ. யொ, யு இரண்டுக்கும் பின் யு. ‘ஐ’ உருபு, ‘என்’ என்ற உடைமை, இறந்தகாலம், கேள்வி எல்லாம் இந்த வகை.

விதியை மனப்பாடம் செய்வதைவிட நான்கு சொற்களை மனப்பாடம் செய்வது மேல். எவ் (வீடு), கு’ஃஸ் (பெண், மகள்), தொஸ்த் (நண்பர்), க்யொஃஸ் (கண்). நான்கு வழிக்கும் ஒவ்வொன்று. ‘என்’ சேர்த்தால்: எவிம், கு’ஃஸு’ம், தொஸ்தும், க்யொஃஸ்யும். புதிதாக எந்த உருபு படித்தாலும் இந்த நான்கிலும் ஒட்டி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காதே சரி தவறு சொல்ல ஆரம்பிக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, வேர்ச்சொல்லின் உயிரையே கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பது. ‘என் நண்பர்’ தொஸ்தும். ‘என் நண்பர்கள்’ என்பதற்கு தொஸ்த்லாரும் என்பார்கள், அது தவறு. நடுவில் லார் வந்துவிட்டது, கடைசி உயிர் இப்போது அகரம். ஆகவே தொஸ்த்லாரு’ம். ஒவ்வொரு உருபும் தனக்கு நேர் முன்னால் இருப்பதை மட்டும்தான் பார்க்கும், அதற்கு முந்தியதைப் பார்க்காது.

அரபியிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சில சொற்கள் விதியை மீறும். ஸாஅத் (மணி, கடிகாரம்) அகரத்தில் முடிந்தும் ஸாஅத்-லெர், ஸாஅத்தி என்றே வரும். ரொல் (வேடம்) ரொல்யு ஆகும். ஃபுத்பொல் மட்டும் ஒழுங்காக ஃபுத்பொலு. இவற்றை ஊகிக்க முடியாது. 1932ல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொல்லின் பக்கத்திலேயே அது உருபேற்கும் வடிவத்தைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது அந்தச் சின்ன ஒட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

மெய்களிலும் ஒரு மாற்றம் உண்டு. கித்தப் என்பதன் கடைசி வல்லொலி, பின்னால் உயிர் வந்தால் மெலிந்து கித்தபு’ ஆகிறது. எக்மெக் (ரொட்டி) என்பது எக்மெயி ஆகிறது. உயிர்களுக்கு நடுவே வல்லினம் மெலிவது நமக்குப் பிறவிப் பழக்கம் என்பதால் இது சிரமமில்லாமல் வந்துவிடும். வராமல் தடுக்க வேண்டிய இடம்தான் சிரமம். ஓரசைச் சொற்களில் பெரும்பாலானவை மெலியாது: அத் (குதிரை), அத்து’ (குதிரையை), தொப் (பந்து), தொப்பு (பந்தை). இவற்றை இரட்டித்த ஒலியாக நினைத்துக்கொண்டால் பிழை வராது.

‘இல்’ உருபான தெ, தா இரண்டும் வல்லொலிக்குப் பின் த்தெ, த்தா ஆகும்: ஒக்குல்-தா (பள்ளியில்), கித்தப்-த்தா (புத்தகத்தில்). எந்தெந்த மெய்களுக்குப் பின் என்பதற்குத் துருக்கிப் பள்ளிப் பிள்ளைகளே ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்: ஃபு’ஸ்து’க்ச்சு’ ஷஹாப், அதாவது ‘பிஸ்தா வியாபாரி ஷஹாப்’. அந்தப் பெயரில் உள்ள எட்டு மெய்களும்தான் பட்டியல்.

வேற்றுமை

வீட்டை: எவி
வீட்டுக்கு: எவெ
வீட்டில்: எவ்தெ
வீட்டிலிருந்து: எவ்தென்
வீட்டின்: எவின்
வீட்டோடு: எவ்லெ

உயிரில் முடியும் சொல்லுக்கு நடுவே உடம்படுமெய் வரும். அரபா (கார்) அரபாயு’, அரபாயா என்று யகரம் எடுக்கும். ‘இன்’ உருபுக்கு மட்டும் னகரம் எடுத்து அரபானு’ன் ஆகும்.

‘ஐ’ உருபை எப்போது போடுவது என்பதை விளக்க ஆங்கில நூல்கள் படாதபாடு படும். நமக்கு ஒரே வரி. ‘புத்தகம் படித்தேன்’ என்றால் கித்தப் ஒக்குதும். ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்றால் கித்தபு’ ஒக்குதும். குறிப்பிட்ட பொருள் என்றால் உருபு வேண்டும், பொதுவாகச் சொன்னால் வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசம் மனிதர்கள் விஷயத்தில். தமிழில் ஆளைக் குறித்தால் ‘ஐ’ விடமுடியாது. ‘ஒரு டாக்டரைத் தேடுகிறேன்’ என்றுதான் சொல்வோம். துருக்கியில் யாராவது ஒரு டாக்டர் என்றால் உருபில்லாமல் தொக்தொர் ஆரு’யொரும். தொக்தொரு ஆரு’யொரும் என்றால் அந்த டாக்டரைத்தான் தேடுகிறீர்கள், அல்லது அவருக்குப் போன் செய்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே வினை.

அதிகம் சறுக்குவது வினைக்கு எந்த வேற்றுமை என்பதில். பஸ்ஸில் ஏறினோம் என்போம். துருக்கியில் பஸ்ஸுக்கு ஏற வேண்டும்: ஒத்தொப்யுஸெ பின்திம். ‘என்னைப் பார்’ என்பது பானா பாக், அதாவது எனக்குப் பார். ‘உன்னை நம்புகிறேன்’ என்பது ஸானா இனானு’யொரும், உனக்கு நம்புகிறேன். ‘என்னிடம் கேட்டார்’ என்பதும் பானா ஸொர்து. நாய்க்குப் பயம் நமக்கு. அங்கே நாயிலிருந்து பயம்: க்யொப்பெக்த்தென் கொர்க்குயொரும். ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பதற்கும் ‘சாப்பாட்டிலிருந்து’: யெமெக்த்தென் ஸொன்ரா. வினையைத் தனியாக மனப்பாடம் செய்வது வீண்வேலை. உருபோடு சேர்த்து, ‘அதற்கு ஏறு’, ‘அதிலிருந்து பயப்படு’ என்று ஒரே துண்டாக நோட்டில் எழுதுங்கள். நல்ல துருக்கி அகராதிகளும் அப்படித்தான் கொடுக்கின்றன.

இன்னொரு பக்கம் நம் ‘எனக்கு’. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும். இவற்றில் எதிலும் துருக்கி ‘எனக்கு’ போடாது. ஆஜு’க்த்து’ம், பிலியொரும், இஸ்த்தியொரும், ஸெவியொரும் எல்லாமே ‘நான்’ என்ற எழுவாயைக் கொண்டவை. பானா பிலியொர் என்று தமிழைப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. விதிவிலக்கு பானா லாஃஸு’ம், ‘எனக்குத் தேவை’. இது தமிழ் போலவே நிற்கும்.

இல்லையும் அல்லவும்

வார் என்றால் உண்டு, யொக் என்றால் இல்லை. வினைபோல் இவற்றைத் திரித்துக்கொண்டிருக்க வேண்டாம். எவ்தெ எக்மெக் வார், வீட்டில் ரொட்டி இருக்கிறது. எவ்தெ எக்மெக் யொக், வீட்டில் ரொட்டி இல்லை.

பேச்சுத் தமிழில் ‘இது வீடு இல்லை’ என்பதற்கும் ‘எனக்கு வீடு இல்லை’ என்பதற்கும் ஒரே ‘இல்லை’தான். துருக்கியில் முதலாவது தெயில்: பு எவ் தெயில். இரண்டாவதுதான் யொக். எழுத்துத் தமிழை நினைவுக்குக் கொண்டுவந்தால் குழப்பம் தீர்ந்தது: அல்ல என்றால் தெயில், இல்லை என்றால் யொக். ஒப்புமை இன்னும் ஆழமாகப் போகிறது. ‘நான் டாக்டர் அல்லேன்’ என்று பழந்தமிழில் ‘அல்’லோடு தன்மை விகுதி சேரும், தொக்தொர் தெயிலிம் என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் இம் அதே வேலையைத்தான் செய்கிறது.

அதே விகுதி பெயரிலும் ஒட்டும். நாம் ‘நான் டாக்டர்’ என்று நிறுத்திவிடுவோம். துருக்கியில் தொக்தொரும் (நான்), தொக்தொர்ஸுன் (நீ), தொக்தொர் (அவர்), தொக்தொருஃஸ் (நாங்கள்), தொக்தொர்ஸுனுஃஸ் (நீங்கள்). அடியேன், எளியேன் என்பவற்றில் இருக்கும் ‘ஏன்’ போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொக்தொரும் என்பதற்கு ‘என் டாக்டர்’ என்றும் பொருள். பேச்சில் அழுத்தம்தான் பிரித்துக் காட்டும்: ‘என் டாக்டர்’ என்றால் கடைசி அசையில் அழுத்தம், ‘நான் டாக்டர்’ என்றால் அந்த விகுதிக்கு அழுத்தம் விழாது.

உடைமை இருபக்கமும்

தமிழர்களிடம் கடைசிவரை போகாத பிழை இதுதான். ‘வீட்டின் கதவு’ என்றால் நமக்கு முதல் சொல்லில் ‘இன்’ போட்டால் போதும். துருக்கியில் இரண்டாவது சொல்லிலும் ‘அதனுடைய’ என்று ஒட்ட வேண்டும்: எவின் கப்பு’-ஸு’. எவின் கப்பு’ என்று விட்டால் வாக்கியம் அறுந்து தொங்கும். உடைமையாளர் தன்மை முன்னிலையாக இருந்தாலும் அப்படியே: பெனிம் அரபா-ம், என் கார். இதில் முதல் சொல்லை விட்டாலும் அரபாம் என்பதே ‘என் கார்’ ஆகிவிடும். இரண்டாவதில் உள்ள ஒட்டைத்தான் விடக்கூடாது.

‘எனக்கு கார் இருக்கிறது’ என்பது பெனிம் அரபாம் வார், அதாவது ‘என் கார் உண்டு’. ‘எனக்கு’ போடாதீர்கள். ‘என்கிட்ட பணம் இல்லை’, அதாவது இப்போது கையில் இல்லை என்றால் மட்டும் பென்தெ பாரா யொக் என்று ‘இல்’ உருபு வரும்.

கூட்டுச்சொற்களிலும் இந்த ஒட்டு உண்டு. பஸ் டிக்கெட் என்று நாம் இரண்டு சொல்லை அருகருகே வைத்தால் முடிந்தது. அங்கே ஒத்தொப்யுஸ் பிலெத்-தி. பல் துலக்கும் பிரஷ், திஷ் ஃபு’ர்ச்சா-ஸு’. கடைப் பலகைகளையும் பொருள்களின் உறைகளையும் படிக்கும்போது கடைசியில் ஸி, ஸு’, இ, உ’ என்று வருவதெல்லாம் என்ன என்று இப்போது தெரியும்.

இந்த ஒட்டுக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் நடுவே னகரம் கட்டாயம். அவர் காரில், அரபாஸு’-ன்-தா. இதனால் ஒரு மயக்கம் வருகிறது. எவின்தெ என்பதை எவ்-இன்-தெ என்று பிரித்தால் ‘உன் வீட்டில்’, எவ்-இ-ன்-தெ என்று பிரித்தால் ‘அவர் வீட்டில்’. துருக்கியர்களுக்கும் இது மயக்கம்தான். தேவைப்பட்டால் முன்னால் ஸெனின் (உன்) அல்லது ஒனுன் (அவர்) சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஒட்டுகளின் வரிசை மாறவே மாறாது: பன்மை, உடைமை, வேற்றுமை. எவ்-லெர்-இமிஃஸ்-தெ, ‘எங்கள் வீடுகளில்’. அதன் மேல் கி, லெர் சேர்த்தால் எவ்லெரிமிஃஸ்தெகிலெர், ‘எங்கள் வீடுகளில் இருப்பவர்கள்’. எண்ணுப்பெயருக்குப் பின் மட்டும் பன்மை வராது: பெஷ் கித்தப், அஞ்சு புத்தகம்.

வினை

கெல் என்றால் வா. கெல்-தி-ம், வந்-த்-ஏன். பகுதி, இடைநிலை, விகுதி அதே வரிசை. இறந்தகால விகுதிகள்: கெல்திம், கெல்தின், கெல்தி, கெல்திக், கெல்தினிஃஸ், கெல்திலெர். நிகழ்காலத்தில் விகுதி வேறு: கெலியொரும், கெலியொர்ஸுன், கெலியொர், கெலியொருஃஸ். ‘நாங்கள்’ என்பதற்கு இறந்தகாலத்தில் க், நிகழ்காலத்தில் உஃஸ். இரண்டையும் கலந்து கெல்திஃஸ் என்று சொல்வது எல்லோருக்கும் வரும் பிழை. நாம், நாங்கள் வேறுபாடு துருக்கியில் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒ. நீ, நீங்கள் வேறுபாடு மட்டும் ஸென், ஸிஃஸ் என்று நம்மைப் போலவே உண்டு.

எதிர்மறை வேருக்கு அடுத்து உள்ளே போய் உட்காரும். கெல்-மெ-தி-ம், நான் வரவில்லை. நம் ‘வரவில்லை’யில் யார் என்பது தெரியாது, அங்கே விகுதி கடைசிவரை இருக்கும். நிகழ்காலத்தில் மெ என்பது மி ஆகிவிடும்: கெல்மியொரும்.

‘அகன்ற காலம்’ என்று அவர்கள் அழைக்கும் ஒரு காலத்தை ஆங்கில நூல்கள் சுற்றி வளைத்து விளக்கும். அதை நம் எதிர்காலத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். ‘தினமும் டீ குடிப்பேன்’ என்று நாம் வழக்கத்துக்கு எதிர்கால வடிவம் போடுகிறோம். துருக்கியில் ஹெர் க்யுன் சாய் இச்செரிம். ‘நாளைக்கு வருவேன்’ என்று சம்மதம் சொல்வதும் இதே வடிவம்: யாரு’ன் கெலிரிம். முடிவாகிவிட்ட திட்டம் என்றால்தான் கெலெஜெயிம், ‘வரப்போகிறேன்’. இதன் எதிர்மறை அப்படியே நம் ‘மாட்டேன்’: கெல்மெம் (வரமாட்டேன்), கெல்மெஃஸ்ஸின் (வரமாட்டாய்), கெல்மெஃஸ் (வரமாட்டார்).

இந்தக் காலத்துக்கு வடிவம் போடும்போது ஒரு தொல்லை. ஓரசை வேர்கள் பொதுவாக எர், ஆர் எடுக்கும். 13 வேர்கள் மட்டும் இர் வகை எடுக்கும். எடு, அறி, கண்டுபிடி, நில், வா, பார், தங்கு, ஆகு, சா, நினை, சென்றடை, கொடு, அடி என்ற பொருள் கொண்டவை. அன்றாடம் புழங்கும் வினைகள் என்பதால் இந்தப் பதின்மூன்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

மிஷ் என்ற இடைநிலையைப் பற்றித் தமிழர்கள் பயப்படவே வேண்டாம். கெல்மிஷ் என்றால் ‘வந்தாராம்’. நம் ‘ஆம்’தான். ஆனால் அது ‘ஆம்’ போகாத இடத்துக்கும் போகும். காலையில் ஜன்னலைத் திறந்தால் தரையெல்லாம் பனி. பெய்ததைப் பார்க்கவில்லை, விளைவைத்தான் பார்க்கிறீர்கள். கார் யாமு’ஷ், ‘பனி பெய்திருக்கிறது’. தன்னறியாமல் தூங்கிவிட்டால் உயுமுஷும், ‘தூங்கியிருக்கிறேன்’. சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு சொக் க்யுஃஸெல்மிஷ் என்றால் ‘அட, பிரமாதமாக இருக்கே’. ஆக, ‘ஆம்’, ‘இருக்கிறது’, வியப்பு மூன்றையும் ஒரே உருபு சுமக்கிறது. நேரில் பார்த்ததற்கு தி, பாராததற்கு மிஷ் என்று பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதை மிஷ் போட்டுச் சொன்னால், யாரோ சொல்லக் கேட்டதாக ஆகிவிடும்.

கேள்விக்கு மி. நம் ‘ஆ’ போலவே எதைக் கேட்கிறோமோ அதன் பின்னால் போகும். கெல்தின் மி? வந்தாயா? ஸென் மி கெல்தின்? நீயா வந்தாய்? புக்யுன் ம்யு கெல்தின்? இன்றைக்கா வந்தாய்? எழுதும்போது இடைவெளி விட்டுத்தான் எழுத வேண்டும், ஆனால் உயிர் ஒத்திசைவு இடைவெளியைத் தாண்டியும் செல்லும். நிகழ்காலத்தில் விகுதி வினையை விட்டு மியோடு ஒட்டிக்கொள்ளும்: கெலியொர் முஸுன்? வருகிறாயா? பெயரிலும் அப்படியே: தொக்தொர் முஸுனுஃஸ்? நீங்கள் டாக்டரா?

எச்சங்கள்

நடுத்தர நிலைக்கு வந்தபின் ஆங்கிலம் வழி படிப்பவர்கள் மூச்சுத்திணறும் இடம் இது, தமிழருக்குச் சமவெளி. கிதிப் கெல்திம், போய் வந்தேன். யெமெதென், சாப்பிடாமல். கெலின்ஜெ, வந்ததும். கெலிர்க்கென், வரும்போது. கெலிர்ஸெ, வந்தால். வாக்கியத்தைத் தமிழில் யோசித்து அதே வரிசையில் உருபுகளை மாற்றினால் பெரும்பாலும் சரியாகவே வரும்.

பெயரெச்சத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். ‘புத்தகம் படித்த பையன்’, ‘பையன் படித்த புத்தகம்’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘படித்த’. துருக்கி இதைப் பிரிக்கிறது. எச்சத்தைக் கொண்டு முடியும் பெயரே அந்த வேலையைச் செய்திருந்தால் யான், யென் வகை: கித்தப் ஒக்குயான் சொஜுக். வேலையைச் செய்தவர் வேறு என்றால், செய்தவருக்கு ‘இன்’ உருபும் எச்சத்துக்கு உடைமை ஒட்டும் வேண்டும்: சொஜுஉன் ஒக்குதூ கித்தப், ‘பையனுடைய படித்ததான புத்தகம்’ என்பது போல. ‘நான் படித்த புத்தகம்’ ஒக்குதூம் கித்தப். மேலே சொன்ன இருபக்க உடைமை உறுதியாகாமல் இங்கே வந்தால் எல்லாம் சரியும். வாக்கியம் அமைக்கும் முன் “யார் செய்தது, இந்தப் பெயரா வேறொருவரா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் எந்த வடிவம் என்பது தீர்ந்துவிடும்.

‘என்று’ என்பதற்கு தியெ. ‘சொல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது, நம்முடையது ‘என்’னிலிருந்து பிறந்தது போல. மழை பெய்யும் என்று குடை எடுத்துக்கொண்டேன்: யாமுர் யாஆஜாக் தியெ ஷெம்ஸியெ ஆல்து’ம். ஒவ்வொரு சொல்லும் தமிழ் வரிசையிலேயே நிற்கிறது. பிறர் பேச்சை எடுத்துச் சொல்லவும், காரணம் சொல்லவும், பெயர் சொல்லவும் இதே தியெதான்.

எங்கேயும் பாடமாக வராத ஒன்று பேச்சில் தினமும் காதில் விழும். டீ கீ, புத்தகம் கித்தகம் என்று நாம் ‘கீ’ போடுவதை அவர்கள் ‘ம’ போட்டுச் செய்கிறார்கள்: சாய் மாய், கித்தப் மித்தப். மகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு மட்டும் இது ஓடாது. மாஸா (மேசை) என்றால் மாஸா ஃபாலான் என்று விட்டுவிடுவார்கள்.